தாத்தா பெயரில் பட்டா, தேயிலைக்கு நடுவே மனை: மலைச் சொத்துக் கேள்வி-பதில்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வீடு, மனை வாங்குவது, விற்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன்.

கோத்தகிரி பக்கம் 12 சென்ட் தேயிலை நிலம் விலைக்கு வருகிறது. "இப்போது வாங்கிப் போடுங்கள், வீடு பிறகு கட்டிக்கொள்ளலாம்" என்கிறார் புரோக்கர். பத்திரம், வில்லங்கம் எல்லாம் சரியாக இருக்கிறது. வாங்கலாமா?
*வாசகர், திருப்பூர்*

பத்திரம் சரியாக இருந்தால் நிலம் உங்களுடையதாகும், அவ்வளவுதான். அதில் வீடு கட்ட விடுவார்களா என்பது வேறு விஷயம். சமவெளியில் வாங்கிப் பழகியவர்கள் தடுக்கி விழுகிற இடமே இதுதான்.

முதலில் அந்த வருவாய்க் கிராமம் 'ஹாக்கா' பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். மலைப் பகுதிகளைப் பாதுகாக்க 1990-ல் அரசு அமைத்த ஆணையத்தைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள். பட்டியலில் உள்ள கிராமம் என்றால் விவசாய நிலத்தை வீட்டு மனையாக்க அந்த ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதற்கு முன் வனத்துறை, வேளாண்மைத் துறை, கனிமவளத் துறை என்று ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்க வேண்டும். அடுத்ததாக, 1949-ம் ஆண்டு தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தில் அந்தப் புல எண் வருகிறதா என்று கேளுங்கள். வந்தால் விற்பதற்கே முன் அனுமதி தேவை.

பத்திரத்தில் நிலத்தை என்னவென்று எழுதப் போகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். "தேயிலை நிலம்" என்றுதான் எழுதுவார்கள். மனை என்று எழுதினால் லேஅவுட் அங்கீகாரம் எங்கே என்று சார்பதிவாளர் கேட்பார். அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016-லிருந்து தடை இருக்கிறது. ஆக, மனை விலை கொடுத்துத் தோட்டம் வாங்குகிறீர்கள்.

தோட்டத்தின் நடுவில் இருக்கும் 12 சென்ட்டுக்கு எப்படிப் போவது? தேயிலை பறிப்பவர்கள் நடக்கிற ஒற்றையடிப் பாதையைக் காட்டி "இதுதான் வழி" என்பார்கள். வழியின் அகலமும் நீளமும் எந்தப் புல எண் வழியாகப் போகிறது என்பதும் பத்திரத்தில் இருக்க வேண்டும், புலப்படத்திலும் பொருந்த வேண்டும். வாய் வார்த்தை வழி, பக்கத்துத் தோட்டம் கை மாறும் வரைதான். தண்ணீரும் அப்படியே. அடுத்தவர் ஊற்றிலிருந்து பைப் போட்டிருந்தால் அது உங்கள் தண்ணீர் இல்லை. போர்வெல் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ண வேண்டாம், நீலகிரியில் அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. மேட்டை வெட்டிச் சமன்படுத்த ஜேசிபி இறக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

ஆசை விடவில்லை என்றால் ஒரு வழி சொல்கிறேன். கட்டட அனுமதி கிடைத்தால்தான் கிரயம், கிடைக்காவிட்டால் இத்தனை மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்ப வர வேண்டும் என்று எழுதி, அந்தக் கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். விற்பவர் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லையா? உங்கள் கேள்விக்கு அவரே பதில் சொல்லிவிட்டார்.

குன்னூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றை மே மாதம் பார்த்தோம். மிகவும் பிடித்துவிட்டது. சாலையிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். என்னென்ன சோதிக்க வேண்டும்?
*வாசகி, சென்னை*

மே மாதத்தில் எந்த வீடும் நன்றாகத்தான் இருக்கும். நவம்பரில் ஒரு முறை போய்ப் பாருங்கள். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆட்டிவைக்கும். கூடலூர், பந்தலூர் என்றால் ஜூலையில் போகச் சொல்லியிருப்பேன், அங்கே தென்மேற்கு மழை. 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, ஊட்டி வட்டாரங்களில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வருடம் அந்தச் சரிவில் என்ன நடந்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். விற்பவரிடம் கேட்காதீர்கள்.

சாலைக்குக் கீழே இருக்கிற வீட்டுக்குச் சாலைத் தண்ணீர்தான் முதல் எதிரி. ஓடை எங்கே திரும்புகிறது, மேல் வீட்டின் கழிவுநீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். தடுப்புச் சுவரில் நீர் வெளியேறும் துளைகள் இருக்கின்றனவா, மழையில் அவற்றிலிருந்து தண்ணீர் வருகிறதா? துளை இல்லாத சுவரும், துளை அடைத்துப்போன சுவரும் பின்னால் நீரைத் தேக்கி ஒரு நாள் மொத்தமாகச் சாயும். சுவர் வயிறு தள்ளியிருந்தால் விலையைக் குறைத்துப் பேசுவதோடு நிற்காமல் கட்டுமானப் பொறியாளர் ஒருவரைக் கூட்டிப் போங்கள். புதிதாக வெள்ளை அடித்திருக்கும் அறையில் பீரோவை நகர்த்திப் பின் சுவரைத் தொட்டுப் பாருங்கள். மரத்தரையின் ஓரங்களைக் குதிகாலால் மிதித்தால் இற்றுப்போன இடம் தெரிந்துவிடும்.

இன்னொன்று, சுமை கூலி. படி இறங்கும் வீட்டுக்கு மணல், சிமென்ட், கேஸ் சிலிண்டர் எல்லாமே தலைச்சுமைதான். பழுதுபார்க்கும் செலவைக் கணக்கிடும்போது இதை விட்டுவிடுவார்கள்.

எங்கள் ஹட்டியில் (படகர் ஊர்) உள்ள வீட்டையும் 40 சென்ட் தோட்டத்தையும் விற்க வேண்டும். பட்டா தாத்தா பெயரில் இருக்கிறது. அப்பா இறந்துவிட்டார். நாங்கள் அண்ணன் தம்பி இரண்டு பேர், தங்கை ஒருத்தி. அப்பாவின் வாரிசுச் சான்றிதழ் போதுமா?
*வாசகர், கோத்தகிரி வட்டம்*

போதாது. தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால் சொத்து உங்கள் அப்பாவுக்கு மட்டும் வரவில்லை. அவருடன் பிறந்த எல்லோருக்கும், அத்தைகளுக்கும் சேர்த்துத்தான் வந்தது. ஆகவே தாத்தாவின் வாரிசுச் சான்றிதழும் வேண்டும், அதில் இறந்துபோனவர்கள் ஒவ்வொருவரின் வாரிசுச் சான்றிதழும் வேண்டும்.

"பெரியப்பாவுக்கு மேல் தோட்டம், எங்களுக்குக் கீழ்த் தோட்டம் என்று அந்தக் காலத்திலேயே பிரித்துவிட்டார்கள்" என்பீர்கள். வாய்மொழிப் பாகப்பிரிவினையை ஊர் ஏற்கும், வாங்குபவரின் வங்கி ஏற்காது. எல்லோரும் சேர்ந்து பாகப்பிரிவினைப் பத்திரமோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ எழுதிப் பதிவு செய்யுங்கள். பிறகு சர்வேயர் மூலம் உட்பிரிவு செய்து தனிப்பட்டா வாங்கிவிட்டு விற்பனைக்கு வையுங்கள். கூட்டுப் பட்டாவோடு விற்கப் போனால் விலையில் பெரிய துண்டு விழும்.

தங்கைக்கும் அத்தைக்கும் "நம் வழக்கத்தில் பெண்களுக்குப் பங்கில்லை" என்று சொல்லிக் கையெழுத்து வாங்காமல் விட்டுவிடாதீர்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை உண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டம் கொண்டுவந்தது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. கையெழுத்துக்கு முன் அவர்களுக்கு என்ன தரப்போகிறீர்கள் என்பதை வீட்டுக்குள் பேசி முடியுங்கள். வக்கீல் நோட்டீஸ் வந்த பிறகு பேசினால் செலவு அதிகம்.

கொடைக்கானலில் வீடு வாங்கி ஹோம்ஸ்டே நடத்தலாம் என்று இருக்கிறேன். சரியான யோசனைதானா?
*வாசகர், மதுரை*

வரைபட அனுமதியைக் கையில் வாங்கிப் பாருங்கள். "குடியிருப்பு" என்று அனுமதி வாங்கிவிட்டு அறை அறையாக வாடகைக்கு விட்ட கட்டடங்களுக்கு நீதிமன்ற உத்தரவின்பேரில் அங்கே சீல் வைத்திருக்கிறார்கள். எத்தனை மாடிக்கு அனுமதி, எத்தனை மாடி நிற்கிறது என்றும் எண்ணிப் பாருங்கள். 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுத்துத்தான் வர வேண்டியிருக்கிறது. பழைய வருமானக் கணக்கைக் காட்டி விலை சொன்னால் அதையும் யோசியுங்கள்.

கூடலூரில் பட்டா இல்லாத நிலம், பாதி விலைக்குத் தருகிறார்கள். பட்டா சீக்கிரம் வந்துவிடுமாம்.
*வாசகர், ஈரோடு*

வேண்டாம். ஜென்மிகள் என்ற பழைய நிலவுடைமையாளர்களின் உரிமையை ஒழித்த 1969-ம் ஆண்டு ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கி, உரிமை முடிவாகாத நிலம் என்றால் அந்த வழக்குகளோடு தலைமுறைகளே வாழ்ந்துவிட்டார்கள். ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிக் கொடுப்பது கிரயம் ஆகாது.

அப்பா 1994-ல் வாங்கிய ஊட்டி வீட்டை விற்கிறோம். வாங்குபவர் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்குப் பத்திரம் போட்டுக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருகிறேன் என்கிறார். வரி மிச்சமாகுமே?
*வாசகி, கோவை*

யாருக்கு மிச்சம்? 7 சதவீத முத்திரைத்தீர்வை, 2 சதவீதப் பதிவுக் கட்டணம் இரண்டும் அவருடைய செலவு. ரொக்கத்துக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விற்பனை லாபத்துக்கான வரியில் நேர்வழியிலேயே சலுகை உண்டு. பழைய சொத்து என்பதால் 2001 ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக வைத்துக்கொள்ளலாம், அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டாமல். மதிப்பீட்டாளரிடம் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய வீடு என்பதால், இந்தியாவில் வசிப்பவர்கள் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசி ஏற்றத்துக்கு ஏற்பக் கூட்டிக்கொள்வது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் என்று இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டு, எது குறைவோ அதைக் கட்டலாம். லாபத்தில் இரண்டு வருடத்துக்குள் வேறு வீடு வாங்கினால் அந்த அளவுக்கு வரி இல்லை. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் வாங்குபவர் 1 சதவீதம் பிடித்தம் செய்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும். அவர் கட்டிவிட்டாரா என்று பதிவு நாளன்றே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விற்பதற்கு முன் காம்பவுண்டில் இருக்கும் இரண்டு சில்வர் ஓக் மரங்களை வெட்டிவிடலாமா? வெளிச்சம் வரும்.
*வாசகர், குன்னூர்*

உங்கள் மரமே ஆனாலும் அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள். மலைப் பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் 1955-லிருந்து இருக்கிறது. கிளை கழிப்பதற்கும் வனத்துறையில் கேட்டுவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள்.