வாசகர் கேள்வி – பதில்: பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சை நர்சிங் சான்றிதழ் தேர்வு

கேள்வி: என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். சான்றிதழ் தேர்வுக்கு இன்னும் 12 வாரம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: புத்தகத்தைத் திறக்கும் முன்பே முழு மாதிரித் தேர்வு ஒன்றை எழுதிவிடுங்கள். மார்க் குறைவாக வந்தால் வருத்தப்படாதீர்கள், எங்கே ஓட்டை என்று தெரிவதற்குத்தான் அது. பிறகு, தேர்வு நடத்தும் அமைப்பு வெளியிட்டிருக்கும் பாடத்திட்டத்தை எடுங்கள். எந்தப் பகுதிக்கு எத்தனை சதவீதம் என்று அதிலேயே இருக்கும். உங்கள் நேரத்தையும் அந்த விகிதத்திலேயே பிரித்துக்கொள்ளுங்கள். 8 வாரம் பாடம், 3 வாரம் கேள்விப் பயிற்சி, கடைசி வாரம் பழைய தவறுகள் மட்டும் என்று வைத்துக்கொண்டால் சரியாக வரும்.

தினமும் கையாளுகிற பாடத்தையே திரும்பத் திரும்பப் படிப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். மூச்சுத்திணறலும் மஞ்சள் காமாலையும் உங்களுக்குத் தண்ணீர் பட்ட பாடாக இருக்கும். உங்கள் யூனிட்டுக்கு இதயக் கோளாறுள்ள குழந்தைகள் வருவதே இல்லையென்றால், மார்க் போவது அங்கேதான்.

கேள்வி: வார்டில் செய்வதைத்தான் விடையாகக் குறிக்கிறேன். மாதிரித் தேர்வில் தவறு என்று வருகிறது. ஏன்?

பதில்: கொடுத்திருக்கும் நான்கு விடைகளும் பெரும்பாலும் செய்ய வேண்டிய வேலைகளாகவே இருக்கும். கேள்வி கேட்பதோ, முதலில் எது என்று. அதற்குக் காரணம் தெரியாமல் விடை சொல்ல முடியாது.

ஓர் உதாரணம். 1 கிலோ எடையுள்ள குழந்தை வென்டிலேட்டரில் இருக்கிறது. திடீரென ஆக்சிஜன் அளவு சரிகிறது, இதயத்துடிப்பும் குறைகிறது. இடது பக்கம் மூச்சுச் சத்தம் கேட்கவில்லை. மூச்சுக்குழாய்க்குள் வைத்த ட்யூப் நகர்ந்ததா, அடைத்ததா, நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியதா, கருவியில் கோளாறா? இந்த நான்கையும் இதே வரிசையில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கண் போக வேண்டியது உதட்டருகே ட்யூபில் உள்ள எண்ணுக்கு. கிலோ கணக்கில் எடையோடு 6 கூட்டினால் வருவது ஏறத்தாழ இருக்க வேண்டிய ஆழம், இந்தக் குழந்தைக்கு 7 செ.மீ. அங்கே 9 என்று தெரிந்தால் ட்யூப் வலது மூச்சுக்கிளைக்குள் இறங்கிவிட்டது, இடது நுரையீரலுக்குக் காற்றே போகவில்லை. எண் சரியாக இருந்து, இதயச் சத்தம் வலது பக்கம் தள்ளிக் கேட்டால், இடது பக்கம் காற்று தேங்கியிருக்கும் சந்தேகம் வலுக்கிறது. விளக்கை அணைத்து, ஒளிக்குழாயை (உடலுக்குள் ஒளி ஊடுருவச் செய்யும் விளக்கை) மார்பில் வைத்துப் பாருங்கள். அந்தப் பக்கம் மட்டும் பரவலாகச் சிவந்து ஒளிர்ந்தால் காற்றுக் கசிவுதான். துடிப்பு விழும் குழந்தையை எக்ஸ்ரேவுக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது, ஊசியால் காற்றை எடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும். ‘எக்ஸ்ரே எடுக்கச் சொல்வேன்’ என்ற விடை வார்டில் பழகியதாக இருக்கலாம், இந்தக் குழந்தைக்கு அது தாமதம். (750 கிராமுக்கும் கீழான குழந்தைக்கு இந்த 6 கூட்டும் கணக்கு ட்யூபை அதிக ஆழத்தில் வைத்துவிடும். அதையும் சேர்த்தே படியுங்கள்.)

கேள்வி: கணக்கு என்றாலே பயம். குளுக்கோஸ் வேகத்தைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டா?

பதில்: ஒரே சூத்திரம் போதும். டெக்ஸ்ட்ரோஸ் (நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் திரவம்) சதவீதத்தை, மணிக்கு ஓடும் மி.லி.யால் பெருக்குங்கள். எடையை 6 ஆல் பெருக்கி, அதனால் வகுங்கள். 1.5 கிலோ குழந்தை, 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், மணிக்கு 5 மி.லி. என்றால் மேலே 50, கீழே 9. விடை நிமிடத்துக்குக் கிலோவுக்கு 5.6 மி.கி. சரிபார்க்க இன்னொரு வழி: இந்தக் குழந்தைக்கு ஒரு நாளில் கிலோவுக்கு 80 மி.லி. போகிறது. அதை 10 ஆல் பெருக்கி 144 ஆல் வகுத்தாலும் அதே 5.6 வரும். வரவில்லையென்றால் கிராமையும் கிலோவையும் எங்கோ குழப்பியிருக்கிறீர்கள்.

மருந்துக் கணக்கில், குறைமாதக் குழந்தையின் மூச்சு நின்றுபோகாமல் இருக்கக் கொடுக்கும் காஃபீனைக் கவனமாகப் பாருங்கள். முதல் டோஸ் காஃபீன் சிட்ரேட் கிலோவுக்கு 20 மி.கி. 1.15 கிலோ குழந்தைக்கு 23 மி.கி. மருந்து 1 மி.லி.யில் 20 மி.கி. இருந்தால் 1.15 மி.லி. எடுக்க வேண்டும். சிட்ரேட்டில் பாதிதான் காஃபீன். கேள்வியில் ‘சிட்ரேட்’ என்ற சொல்லைக் கவனிக்காமல் விட்டால் டோஸ் இரட்டிப்பாகும், அல்லது பாதியாகிவிடும். தசமப்புள்ளி ஓர் இடம் தள்ளினாலோ பத்து மடங்கு. விடையைக் குறிக்கும் முன், இவ்வளவு மருந்து இந்தச் சின்ன உடம்புக்குப் பொருந்துமா என்று ஒரு நொடி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரத்த வாயு அறிக்கையைப் பார்த்தாலே குழம்புகிறது.

பதில்: மூன்று எண்களை மட்டும், எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள். பி.எச். (ரத்தத்தின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்) 7.35க்குக் கீழா? கார்பன் டை ஆக்சைடு 45க்கு மேலா? பைகார்பனேட் எந்தப் பக்கம் போயிருக்கிறது?

7.23, 62, 25: கார்பன் டை ஆக்சைடு ஏறியிருக்கிறது, பைகார்பனேட் அசையவில்லை. சுவாசம் சார்ந்த அமிலத்தன்மை, இப்போதுதான் தொடங்கியது. ட்யூபையும் வென்டிலேட்டரையும் பாருங்கள். 7.19, 38, 14: சுவாசம் சரி, பைகார்பனேட் தீர்ந்துபோயிருக்கிறது. குளிர், தொற்று, ரத்த ஓட்டக் குறைவு என்று தேட வேண்டும். 7.36, 58, 32: பி.எச். நார்மல் என்று கடந்துவிடாதீர்கள். கார்பன் டை ஆக்சைடு நெடுநாளாக உயர்ந்திருக்க, சிறுநீரகம் பைகார்பனேட்டைச் சேமித்து ஈடுகட்டியிருக்கிறது. நாள்பட்ட நுரையீரல் பாதிப்புள்ள குழந்தையிடம் பார்ப்பது இதுதான்.

கேள்வி: தொப்புள் வழியாகத் தமனியில் செருகிய குழாயையும் சிரையில் செருகிய குழாயையும் எக்ஸ்ரேயில் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: போகும் பாதையைப் பாருங்கள். தமனிக் குழாய் தொப்புளிலிருந்து முதலில் கீழே இடுப்புக்குள் இறங்கி, வளைந்து, பிறகுதான் மேலே ஏறும். சிரைக் குழாய் நேராக மேலேயே போகும். தமனிக் குழாயின் முனை, உயரமாக வைத்தால் மார்பு முள்ளெலும்பு 6 முதல் 9க்குள் நிற்க வேண்டும். சிரைக் குழாயின் முனை உதரவிதானத்துக்குச் சற்று மேலே. அது கல்லீரலுக்குள் நின்றுவிட்டால் செறிவான திரவம் திசுவைக் கெடுக்கும்.

கேள்வி: பயிற்சித் தேர்வுகளில் மார்க் ஒரே இடத்தில் நின்றுவிட்டது.

பதில்: புதிய கேள்விகளைத் தேடி ஓடுவதை நிறுத்துங்கள். ஒரு நோட்டில், தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி எழுதுங்கள்: தெரியாமல் தவறியதா, தெரிந்தும் ‘முதலில்’, ‘தவிர’ போன்ற சொல்லைக் கவனிக்காமல் தவறியதா, இரண்டு நோய்களைக் குழப்பியதா? மூன்றாவது வகைக்கு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் தீர்ந்துவிடும். குடல் தொப்புளுக்கு வலப்பக்கம், உறை இல்லாமல் வெளியே வந்தால் காஸ்ட்ரோஸ்கிசிஸ். தொப்புளிலேயே, உறைக்குள் இருந்தால் ஓம்ஃபலோசீல், அதனோடு வேறு பிறவிக் கோளாறுகளும் இருக்க வாய்ப்பு அதிகம். இப்படி இருபது ஜோடிகள் சேர்ந்தால் மார்க் நகரும்.

கேள்வி: தேர்வில் நேரம் போதுமா?

பதில்: அமெரிக்காவின் ஆர்.என்.சி. நர்சிங் சான்றிதழின் என்.ஐ.சி.யூ. தேர்வில் 3 மணி நேரத்தில் 175 கேள்விகள், ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்தான். அதில் 25 கேள்விகளுக்கு மார்க் கிடையாது, அவை எவை என்றும் தெரியாது. அதனால் கேள்விப்படாத ஒன்று வந்தால் அதிலேயே நின்றுவிடாமல், குறித்துவைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். முந்தின நாள் இரவு டியூட்டி வேண்டாம். இப்போதே கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள், கடைசி வாரத்தில் மாற்றித் தர ஆள் கிடைக்காது.