"பெய்ய வச்சானுவ!"

கேள்வி: அண்ணாச்சி, எங்க ஊரு தூத்துக்குடி மாவட்டத்துல ஏரல் பக்கம். 2023 டிசம்பர் வெள்ளத்துல வாழை மொத்தமும் போச்சு. அப்பா ஒரு நாள், "அது மழை இல்லலே, மேகத்துல மருந்து தூவிப் பெய்ய வச்சானுவ"ங்காவ. மறுநாளே, "மழை என்னலே மழை, வேணும்னே அணையத் திறந்துட்டானுவ"ங்காவ. ரெண்டுல எதுன்னு கேட்டா கோவப்படுதாவ. எப்படித் திருத்த?

பதில்: திருத்தக் கிளம்பாதீர்கள், தம்பி.

ரெண்டு கதையும் ஒட்டவில்லையே என்பது உங்கள் குழப்பம். இங்கிலாந்தில் கேரன் டக்ளஸும் கூட்டாளிகளும் 2012-ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கூத்துதான். இளவரசி டயானா செத்ததாக நாடகமாடினார் என்று நம்பச் சாய்ந்தவர்களே, அவரைக் கொன்றுவிட்டார்கள் என்றும் நம்பச் சாய்ந்தார்கள். கதை எதுவானால் என்ன, அதிகாரத்தில் இருக்கிறவன் எதையோ மறைக்கிறான்; அடியில் கிடப்பது அதுதான்.

அமெரிக்காவில் விட்சன், கலின்ஸ்கி என்ற இருவர் 2008-ல் இன்னொன்றைக் காட்டினார்கள். தன் கையில் எதுவும் இல்லை என்று உணர்ந்தவர்களுக்கு, வெறும் புள்ளிகள் நிறைந்த படத்திலும் உருவங்கள் தெரிந்தன. உங்கள் அப்பாவின் கையில் அன்றைக்கு என்ன இருந்தது? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. கொட்டியது. தூத்துக்குடி மாவட்டத்தில் வருசம் முழுக்கப் பெய்வதே சராசரியாக அவ்வளவு வராது. காரணம், குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி. காற்றின் சட்டையை யார் போய்ப் பிடிப்பது? மனுசன் செய்தான் என்றால் ஏசுவதற்காவது ஆள் கிடைக்கிறான்.

அப்பா சொல்லும் மேக மருந்துக்கு வருவோம். வெள்ளி அயோடைடு என்ற ரசாயனத்தைத் தூவி, ஏற்கெனவே திரண்ட மேகத்திலிருந்து கொஞ்சம் கூடுதல் மழைக்கு முயலலாம். மேகத்தை உண்டாக்க முடியாது. இதைத் தனியாக இருக்கும்போது ஒரு தடவை சொல்லுங்கள், போதும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். நாலு பேர் முன்னால் தோற்கச் சம்மதிக்கிற நெல்லைச் சீமைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

அணை விஷயத்தில் மட்டும் அவரை ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு தண்ணீர் திறந்தார்கள், எச்சரிக்கை ஊருக்கு வந்ததா, குளத்துக்கரை ஏன் உடைந்தது? சதி இருக்கிறதோ இல்லையோ, கேள்விகள் நியாயமானவை. பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மாதாமாதம் விவசாயிகள் குறைதீர் கூட்டம் நடக்கிறதே, அங்கே கூட்டிப் போங்கள். மனுவை அப்பா கைப்பட எழுதட்டும், பேசுவதும் அவராகவே இருக்கட்டும். நீங்கள் வண்டியை மட்டும் ஓட்டுங்கள்.