முதல் பதிஞ்சதுக்கு மேல அடுத்தது எப்பிடி?

கேள்வி: அண்ணா, லப்டொப்பில ஸின் ஆட் சப் எப்எக்ஸ் எண்ட வாத்தியச் சத்தம் குடுக்கிற மென்பொருள் (சுருக்கமா ஸின்) போட்டு யூஎஸ்பி கீபோர்ட்டால வாசிக்கிறன். அதுக்குள்ளயே ரெக்கோர்ட் இருக்குத்தானே, முதல்ல ஸ்ட்ரிங்ஸ் பதிஞ்சன், அதுக்கு மேல புல்லாங்குழல் பதிய வெளிக்கிட்டா பைல்ல புல்லாங்குழல் மட்டும்தான் கிடக்கு. சரி எண்டு வேற வேறயாப் பதிஞ்சு ரெண்டையும் ஓடாசிட்டி எண்ட சத்தம் வெட்டி ஒட்டுற மென்பொருள்ல போட்டா தாளம் பொருந்துதில்ல. என்ன செய்யலாம்?
- வாசகி, உப்புவெளி

பதில்: தங்கச்சி, அந்த ரெக்கோர்டர் ஒண்டுக்கு மேல ஒண்டு பதியிற சாமான் இல்ல, அந்த நேரம் ஸின்னுக்குள்ளால வெளிய வாற சத்தத்த அப்பிடியே ஒரு வேவ் பைலா எழுதும், அவ்வளவுதான். அதால ஒவ்வொரு வாத்தியத்துக்கும் வேற வேற பேர் குடுங்கோ, பழைய பேரையே குடுத்து ஓவர்ரைட்டுக்கு ஓம் எண்டு அமத்தினா முதல் பதிஞ்சது போயிடும்.

தாளம் பிழைக்கிறது ஏனெண்டா, ரெக்கோர்ட் பட்டன அமத்தின உடன அது பதியத் தொடங்காது, நீங்க முதல் கட்டைய அமத்தும் வரைக்கும் பார்த்துக்கொண்டு இருக்கும். ஸ்ட்ரிங்ஸ் பாட்டு தொடங்கேக்கயே வருது, புல்லாங்குழல் அஞ்சாவது தாளவட்டத்தில வருது எண்டு வையுங்கோ, ஆனா ரெண்டு பைலும் சுழியத்தில இருந்துதான் தொடங்கும், அப்ப எப்பிடிப் பொருந்தும்? இதுக்கு நான் செய்யிறது இதுதான். ஓடாசிட்டி ஜெனரேட் மெனுவில ரிதம் ட்ராக் எண்டு இருக்கு, டிக் டிக் எண்டு தாளம் தட்டுற சத்தம் செய்து தரும், பாட்டின்ர வேகத்துக்கு ஒண்டு செய்து போனுக்கு மாத்தி ஒரு காதில மாட்டிக்கொள்ளுங்கோ. எந்த வாத்தியம் எண்டாலும் முதலாவது டிக்குக்கு ஒரு கட்டைய டக்கெண்டு தட்டிட்டு விடுங்கோ, பிறகு உங்கட இடம் வரும்வரைக்கும் சும்மா எண்ணிக்கொண்டு இருந்து வாசியுங்கோ. இப்ப எல்லா பைலும் ஒரே டிக்கில தொடங்கும், ஓடாசிட்டில இம்போர்ட் பண்ணினா அடுக்கினபடி நிக்கும், மயிரளவு தள்ளி நிண்டா பெரிசாக்கிப் பார்த்து அந்தத் தட்டுற இடங்கள நேருக்கு நேர் இழுத்து விட்டிட்டு, கடைசியா அந்தத் தட்ட மட்டும் சைலன்ஸ் பண்ணுங்கோ, வெட்டி எடுத்தா பின்னால உள்ளதெல்லாம் முன்னுக்கு வந்திடும்.

சத்தத்தையும் கவனியுங்கோ. ஒவ்வொண்டையும் மீட்டர் சிவப்புக்குக் கிட்டப் போகுமட்டும் ஏத்திப் பதிஞ்சா கூட்டேக்க கிழியும், மைனஸ் 12 டெசிபெல் வரைக்கும் போனாக் காணும். ரிவேர்ப (எதிரொலிய) நிப்பாட்டிட்டுப் பதிஞ்சு கடைசில மொத்தத்துக்கும் ஒருக்கா போடுறதுதான் எனக்குப் பிடிக்கும், இல்லாட்டி நாலு வாத்தியமும் கிணத்துக்க இருந்து கேக்கும்.

இதில ஒரு நன்மை, மைக் இல்லாததால காகமும் ஓட்டோவும் பத்திரகாளி அம்மன் கோயில் ஸ்பீக்கரும் உள்ள வராது. பாடப் போறீங்களெண்டா அது வேற கதை, ராவில வையுங்கோ.

கேள்வி: எனக்கு பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் ஒண்டாக் கேட்டாக் காணும், அதுக்கும் ரெண்டு தரம் பதியோணுமா?
- வாசகர், கிண்ணியா

பதில்: தேவையே இல்ல தம்பி. ஸின்னில 16 பார்ட் இருக்கு, ஒவ்வொரு பார்ட்டிலயும் ஒரு வாத்தியம் போடலாம். பார்ட் ரெண்ட எனேபிள் பண்ணி அதில ஸ்ட்ரிங்ஸ் போடுங்கோ, அதின்ர மிடி சனல் (கீபோர்ட்ட எந்த வழியால கேக்கிறது எண்ட இலக்கம்) ரெண்டில நிக்கும், அந்த இலக்கத்த பியானோ நிக்கிற 1 க்கு மாத்தினா ஒரு கட்டைக்கே ரெண்டு சத்தமும் வரும், ஸ்ட்ரிங்ஸக் கொஞ்சம் குறைச்சு வையுங்கோ.