ஊரில் நிலம், சிங்கப்பூரில் நாம்: குத்தகை, பங்கு, அடமானம் பற்றிய கேள்விகளும் பதில்களும்

காவிரிப் படுகையில் வேளாண் நிலத்தோடு தொடர்பு விட்டுப்போகாத சிங்கப்பூர்த் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளில் ஐந்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். பட்டாவில், அதாவது நில உரிமைப் பதிவில், பெயர் உள்ளவர் இங்கே இருக்க, அந்த மண்ணை நம்பி வாழ்பவர் அங்கே இருக்கிறார் என்பதே இவற்றில் பெரும்பாலானவற்றின் அடியில் உள்ள சிக்கல்.

யீஷூனிலிருந்து ஓர் அன்பர்: மன்னார்குடி பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் நன்செய் இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம் வாய்மொழிக் குத்தகையில் பயிரிடுகிறது. ரசீது கொடுத்தால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று ஊரில் சித்தப்பா சொல்கிறார். என்ன செய்யலாம், ஐயா?

பதில்: உங்கள் சித்தப்பாவுக்கு இருக்கும் அச்சம் படுகை முழுவதும் இருக்கிறது. ஆனால் 1955ஆம் ஆண்டின் பயிரிடும் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தாமோ தம் குடும்பத்தாரோ உடலுழைப்பைச் செலுத்திப் பயிரிடுகிறவரை, குத்தகை பாக்கி, நிலத்துக்குக் கேடு விளைவித்தல், வேளாண்மை அல்லாத பயன்பாடு போன்ற காரணங்கள் இருந்தாலொழிய வெளியேற்ற முடியாது என்கிறது. அந்தப் பாதுகாப்பு அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. நீங்கள் ரசீதை மறுப்பதால் அது போய்விடாது, கொடுப்பதால் உங்கள் உடைமை அவர் பெயருக்கு மாறிவிடவும் மாறாது. 1956ஆம் ஆண்டின் நியாயக் குத்தகைச் சட்டம் நன்செய்க்கு விளைச்சலில் 40 சதவீதம் என்று வைத்திருந்த உடைமையாளர் பங்கு பின்னாளில் 25 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கென்றே 1969இல் தனிச் சட்டமும் வந்தது.

எழுத்தில் எதுவும் இல்லாததால் அந்தக் குடும்பம் இழப்பது என்ன என்பதையும் நீங்கள் அறிய வேண்டும். 2019இல் தொடங்கிய பிரதமர் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாய், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான் உரியது, குத்தகைதாரருக்கு இல்லை. கூட்டுறவு வங்கியில் பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நேரடி நெல் கொள்முதல் நிலையம் என எங்கே போனாலும் சிட்டாவும் (நிலம் யார் பெயரில் என்பதைக் காட்டும் ஆவணம்) கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலும் (என்ன பயிர், யார் பயிரிடுகிறார் என்பதைக் காட்டும் பதிவு) கேட்கிறார்கள். குறுவையை அறுத்துக் களத்தில் கொட்டி, தார்ப்பாயால் மூடி வைத்துவிட்டு, உடைமையாளரின் ஒப்புதல் இல்லாததால் அடங்கல் கிடைக்காமல் அலைகிறவர், மழை வருவதற்குள் வியாபாரி கேட்ட விலைக்கே நெல்லைத் தள்ளிவிடுகிறார். அந்த விலைக்கும் அரசு விலைக்கும் உள்ள இடைவெளி அவருடைய குடும்பத்தின் சாப்பாட்டில்தான் விழுகிறது. எனவே குத்தகையை எழுத்தில் எழுதி, பதிவேட்டில் ஏற்ற ஒத்துழைத்து, கிராம நிர்வாக அலுவலருக்கு ஒப்புதல் கடிதமும் கொடுத்துவிடுங்கள். சித்தப்பாவிடம் நீங்களே நேரில் பேசுவது நல்லது.

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒருவர்: நான் சிங்கப்பூர்க் குடிமகன். தஞ்சாவூரில் ஐந்து ஏக்கர் வாங்கி இயற்கை வேளாண்மை செய்யலாமா?

பதில்: முடியாது. இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்ட விதிகளின்படி, வெளிநாடு வாழ் இந்தியராக இருந்தாலும் இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்கான ஓசிஐ அட்டை வைத்திருந்தாலும் வேளாண் நிலத்தை விலைக்கு வாங்க இயலாது. உறவினர் பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகர்களை நம்பாதீர்கள். இப்படிப் பிறர் பெயரில் வாங்கும் பினாமிச் சொத்தை அரசு பறிமுதல் செய்ய இடமிருக்கிறது.

தெம்பனிசிலிருந்து ஒரு சகோதரி: திருமணமாகிப் போனவள், அதுவும் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றவள், உனக்கு அப்பாவின் நிலத்தில் பங்கு கிடையாது என்று அண்ணன்கள், பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். அவர்கள் சொல்வது சரிதானா?

பதில்: இரண்டு காரணமும் செல்லாது, அம்மா. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு 1989இல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் அதற்கு முன்பே திருமணமான மகள்களை விட்டுவிட்டது உண்மை. 2005ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தம் அந்த வேறுபாட்டை நீக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்குப் பிறப்பால் வரும் பங்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020இல் வினீதா சர்மா வழக்கில் தெளிவாக்கிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை நடந்திருந்தால் மட்டும் நிலைமை வேறு. குடியுரிமையைப் பொறுத்தவரை, வாங்கத்தான் தடை. இந்தியாவில் வசித்த தந்தையிடமிருந்து வாரிசாகப் பெறத் தடை இல்லை. பின்னாளில் விற்பதானால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும். அண்ணன்கள் ஏழைகள், அந்த நிலத்திலேயே உழைத்துப் பிழைப்பவர்கள் என்றால் நீங்கள் மனமுவந்து விட்டுக்கொடுக்கலாம். அது உங்கள் விருப்பம். உரிமையே இல்லை என்று நம்ப வைத்துக் கேட்கும் இடத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள்.

பல்கலைக்கழக மாணவர் ஒருவர்: விளைச்சல் பெருகினால் வறுமை தானாகக் குறையாதா? நில உரிமைக்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறீர்கள், சார்?

பதில்: தஞ்சாவூரின் வரலாற்றைப் பாருங்கள். 1960இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்தில் முதலில் எடுத்துக்கொள்ளப்பட்ட மாவட்டங்களில் பழைய தஞ்சாவூர் மாவட்டமும் ஒன்று. உரம், கடன், ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் எல்லாம் வந்தன, விளைச்சல் கூடியது. ஆனால் நிலமற்ற தாழ்த்தப்பட்ட கூலித் தொழிலாளர்கள் கூடுதல் கூலி நெல் கேட்டுச் சங்கமாகத் திரண்டபோது, அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். விளைச்சல் பெருகிய மண்ணில்தான் இது நடந்தது.

அதன் பிறகே 1969இல் நியாயக் கூலிச் சட்டமும், குடியிருந்த மனையை அங்கே வாழ்ந்தவருக்கே உரிமையாக்கும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் வந்தன. மிராசுதாரர் என்ற பெரும் நில உடைமையாளரின் மனையில் குடியிருக்கும்வரை கூலி கேட்கிறவனைக் குடிசையோடு காலி செய்யச் சொல்ல முடியும் என்பதால், இரண்டாவது சட்டத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒருவர் வைத்திருக்கக்கூடிய நில உச்சவரம்பு 1961இல் 30 தர ஏக்கர் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் அளவு) என்றும் 1970இல் 15 என்றும் ஆனபோதிலும், விலக்குகளும் பினாமிப் பெயர்களும் அதன் பலனைப் பெரிதும் தின்றுவிட்டன. காந்தியத் தொண்டர்களான கிருஷ்ணம்மாள், ஜெகந்நாதன் தம்பதியர் 1981இல் தொடங்கிய லாஃப்டி அமைப்பு உடைமையாளர்களிடம் பேசி, வங்கிக் கடனில் நிலம் வாங்கி, அதை நிலமற்ற குடும்பங்களின் பெண்கள் பெயரில் பதிவு செய்தது. கணவர் குடித்துவிட்டு விற்றுவிட முடியாதபடி பெண் பெயரில் பத்திரம் இருப்பது, எந்த உயர்விளைச்சல் விதையும் தராத பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து.

துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தம்பி: சிங்கப்பூர் வர ஏஜெண்டுக்குக் கட்டும் பணத்துக்காக அப்பா ஒன்றரை ஏக்கரை வைத்துக் கடன் வாங்கினார். பணம் கட்டியதும் திருப்பி எழுதித் தருகிறேன் என்று சொன்னவர், பத்திரத்தைக் கிரயமாகவே, அதாவது விற்பனையாகவே, எழுதி வாங்கியிருக்கிறார். இப்போது பணத்தை வாங்க மறுக்கிறார், அண்ணே.

பதில்: தம்பி, முதலில் அந்த சர்வே எண்ணுக்கு இணையத்தில் வில்லங்கச் சான்று (அந்த நிலத்தின் மீது பதிவான பத்திரங்களின் பட்டியல்) எடுத்து, பதிவாகியிருப்பது கிரயமா, அடமானமா, கிரய உடன்படிக்கையா என்று பாருங்கள். அடமானம் என்றால் பணத்தைக் கட்டி மீட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதைத் தட்டிப் பறிக்கும் நிபந்தனை எதுவும் செல்லாது. கிரயம் என்றால் சிக்கல் கூடுதல், ஏனெனில் திருப்பித் தருவதாகச் சொன்ன நிபந்தனை அதே பத்திரத்துக்குள் எழுதப்பட்டிருந்தால்தான் சட்டம் அதை அடமானமாக ஏற்கும். வாய்ச்சொல்லோ தனித் தாளோ அதற்குப் போதாது. இருந்தாலும் அது உண்மையில் விற்பனையே அல்ல, கடனுக்கு ஈடாக எழுதியது என்று வாதிட வழி இருக்கிறது. நீங்கள் இங்கிருந்து அனுப்பிய பணத்தின் ரசீதுகள், வட்டி பற்றிய வாட்ஸ்அப் செய்திகள், அப்பாவே தொடர்ந்து பயிரிடுவதைக் காட்டும் அடங்கல், சந்தை விலைக்கு மிகக் குறைவாக எழுதப்பட்ட தொகை ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். பத்திரத்தை ரத்து செய்யக் கோரும் வழக்குக்கு, விவரம் தெரிந்த நாளிலிருந்து மூன்றாண்டுதான் காலவரம்பு. வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் அப்பாவை மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு மனு எடுத்துக்கொண்டு இந்த வாரமே போகச் சொல்லுங்கள். நீங்கள் லீவு கிடைத்து ஊருக்குப் போகும்வரை காத்திருக்க வேண்டாம்.