வெளிநாட்டிலிருந்து வந்து வன்னியில் மான் வேட்டை பழக ஆசை. புதியவன் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் கனடாவில் பிறந்து வளர்ந்த தம்பி. தகப்பனின் ஊர் இலங்கையின் வடக்கே, வன்னியில் நெடுங்கேணிப் பக்கமாம். வருகிற ஆடியில் ஊருக்கு வரும்போது மான் வேட்டை பழக வேண்டும், யார் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள், முதலில் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நான் நெடுங்கேணிக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடைப்பட்ட காட்டோரத்தில் வளர்ந்தவன். என் அம்மப்பா வேட்டைக்காரர். அதனால் இந்தக் கேள்வியைக் கடந்து போக மனம் வரவில்லை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன் தம்பி. மானைச் சுட உங்களைக் கூட்டிக்கொண்டு போக மாட்டேன். அப்படிப் போகிறவர்களையும் காட்டித் தர மாட்டேன். இலங்கையில் புள்ளிமானும், அதைவிடப் பெரிய மானான மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அதற்கான சட்டம் 1937ஆம் ஆண்டு வந்தது. 2009இல் திருத்தி, தண்டனைகளைக் கூட்டினார்கள். சுடுவது மட்டுமல்ல, இறைச்சியை வைத்திருந்து பிடிபட்டாலும் வழக்குத்தான். 'ஊரில எல்லாரும் செய்யினம்' என்று யாராவது சொன்னால் நம்பி இறங்க வேண்டாம். விமானம் ஏற வேண்டிய நாளில் நீங்கள் நீதிமன்ற வாசலில் நிற்க வேண்டி வரும்.

ஆனால் வேட்டை பழகுவது என்பது சுடப் பழகுவது அல்ல. அம்மப்பா என்னைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கியபோது எனக்குப் பதினொரு வயது. இரண்டு வருடம் துவக்கைத் தொடவே விடவில்லை. தண்ணிப் போத்தலும் ஒரு சின்னக் கத்தியும்தான் என் கையில். அந்த இரண்டு வருடத்தில் படித்ததுதான் இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. அதைப் பழக எந்தச் சட்டமும் தடை இல்லை. உங்களுக்கு நான் தரக்கூடியதும் அதுதான்.

தடத்தில் தொடங்குங்கள். ஆடி மாதத்தில் காடு காய்ந்து கிடக்கும். மோட்டை என்கிற சின்னக் காட்டுக் குட்டைகள் வற்றி, நடுவில் மட்டும் கொஞ்சம் சேறு இருக்கும். அந்தச் சேற்றோரம்தான் பள்ளிக்கூடம். குந்தியிருந்து பாருங்கள். புள்ளிமானின் குளம்பு இரண்டு பிளவாக, முன்பக்கம் கூர்ந்து, சின்னதாகப் பதிந்திருக்கும். மரையினுடையது அதே வடிவம், ஆனால் மாட்டுக் கன்றின் தடம் போலப் பெரிது. பன்றியின் தடம் முன்பக்கம் மழுங்கியிருக்கும். சேற்றில் பின்னால் இரண்டு சின்னப் புள்ளிகள் பக்கவாட்டில் விழுந்திருக்கும், அது அதன் பின்விரல். இந்த மூன்றையும் பிரித்தறிய இரண்டு காலை போதும். தடம் எப்போது விழுந்தது என்று சொல்லத்தான் காலம் எடுக்கும்.

அம்மப்பா ஒருநாள் ஒரு மோட்டைக் கரையில் ஒரே ஒரு தடத்துக்கு முன்னால் என்னை இருத்திவிட்டு, 'இது எப்ப போனது, சொல்லு பாப்பம்' என்றார். நான் 'இப்பத்தான்' என்றேன். சேறு ஈரமாக இருந்தது, அதனால் அப்படிச் சொன்னேன். அவர் ஒரு ஈர்க்கை எடுத்துத் தடத்தின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். விளிம்பு கூராக இல்லை, மெல்ல உதிரத் தொடங்கியிருந்தது. தடத்துக்குள்ளே எறும்பு போன கோடு ஒன்று, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை. உள்ளே ஒரு பாலை இலை விழுந்து, அதன் மேல் பனி பட்டுக் காய்ந்த அடையாளம். 'ராத்திரிப் பனிக்கு முன்னம் போனது மோனை. இப்ப அது எங்கையோ நிழலிலை கிடந்து அசைபோடுது' என்றார். அதன் பிறகு எந்தத் தடத்தையும் ஈரத்தை மட்டும் வைத்து நான் கணக்குப் போட்டதில்லை.

பிழுக்கையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புதிது கறுப்பாக மினுங்கும். பழையது மண்ணிறமாகி, விரலால் நசித்தால் பொடியாகும். கிடாய் மான் கொம்பின் வெல்வெட் தோலை உரிக்க இளமரத்தில் தேய்த்த காயங்கள் இருக்கும். பின்னங்காலில் நிமிர்ந்து நின்று மேல் கிளையில் கொம்பை உரசுகிற பழக்கமும் புள்ளிமானுக்கு உண்டு. அதனால் உங்கள் தலைக்கு மேல் கொப்பு முறிந்திருந்தால் யானை என்று உடனே முடிவெடுக்காதீர்கள், சுற்றவும் பாருங்கள். யானை என்றால் அங்கே வேறு அடையாளங்களும் தாராளமாகக் கிடக்கும்.

அடுத்தது காற்று. புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் பிழை விடுகிற இடம் இதுதான். சத்தம் போடாமல் நடப்பார்கள், பச்சைச் சட்டை போடுவார்கள், ஆனால் காற்றுக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு போவார்கள். மான் உங்களைக் காண வேண்டிய தேவையே இல்லை, மணம் போதும். ஆடியில் இங்கே சோளகம் வீசும், தென்மேற்கிலிருந்து. விடியற்காலையில் அது ஓய்ந்திருக்கும், வெயில் ஏற ஏற எழும்பும். ஒரு பிடி புழுதியை விரலிடுக்கால் விட்டுப் பாருங்கள், எந்தப் பக்கம் சாய்கிறது என்று. அம்மப்பா சுருட்டுச் சாம்பலைத் தட்டிப் பார்ப்பார். காட்டுக்குப் போகிற நாளில் வாசனைச் சவர்க்காரம் போட்டுக் குளிக்கவும் விடமாட்டார்.

கண் விஷயத்தில் மான் வேறு மாதிரி. நிறம் அதற்கு நம்மைப் போலத் தெரியாது, அசைவுதான் தெரியும். மந்தையில் ஒன்று தலையைத் தூக்கி உங்களை நேரே பார்த்து முன்னங்காலைத் தரையில் தட்டினால், சந்தேகம் வந்துவிட்டது என்று அர்த்தம். அப்படியே நில்லுங்கள். கையைக்கூட இறக்க வேண்டாம். சில நேரம் ஐந்து நிமிடம் அப்படி நிற்க வேண்டி வரும். அது திரும்ப மேயக் குனிந்தால் நீங்கள் தப்பினீர்கள். வாலை நிமிர்த்தி வெள்ளையைக் காட்டிக் கூவினால் அன்றைய நாள் முடிந்தது, வீட்டுக்குப் போகலாம்.

மந்தியையும் மறக்க வேண்டாம். பாலை பழுக்கிற காலத்தில் மந்திகள் மேலே இருந்து தின்றுகொண்டே பாதிப் பழத்தையும் கொப்பையும் கீழே போடும். மான் மந்தை அதைப் பொறுக்கிக்கொண்டு அடியில் நிற்கும். சிறுத்தை வந்தால் மேலே இருக்கிற மந்தி முதலில் கண்டு குரல் கொடுக்கும், கீழே நிற்கிற மான் ஓடும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று காவல். மந்தி இருக்கிற பாலை மரத்தைக் கண்டுபிடித்தால் மானைத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் அதே பழத்துக்குக் கரடியும் வரும். வன்னிக் காட்டில் எனக்கு யானையை விடக் கரடிக்குத்தான் பயம் கூட. மரத்தில் கரடியின் புதுக் கீறலை விடிய முன்னம் கண்டால் திரும்பிவிடுங்கள்.

பயம் என்றதும் இதைச் சொல்ல வேண்டும். காட்டில் விலங்கை விட மனிதன் வைத்ததுதான் ஆபத்து. பன்றிக்கும் மானுக்கும் என்று ஒற்றையடிப் பாதைகளில் கட்டுத்துவக்கு வைக்கிறார்கள். முழங்கால் உயரத்தில் ஒரு மெல்லிய நூல், பற்றைக்குள் ஒரு குழாய். எங்கள் ஊரில் விறகுக்குப் போன ஒருவர் அதில் பட்டு, இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறார். யானைகளும் அதில் காலில் காயப்பட்டு மாதக்கணக்கில் நொண்டித் திரிந்து சாகின்றன. சுருக்குக் கம்பியில் சிறுத்தை சிக்கிச் சாவதும் நடக்கிறது. போதாததற்கு, மிதிவெடி அகற்றி முடியாத காடுகள் இன்னும் உண்டு. சிவப்புப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்கக்கூடாது. தனியே போகவே வேண்டாம், ஊராள் ஒருவர் முன்னால் நடக்கட்டும். சரணாலயம், ஒதுக்குக் காடு என்றால் முதலில் அதற்குப் பொறுப்பான திணைக்கள அலுவலகத்தில் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும். சுண்டிக்குளமும் மடு வீதிக் காடும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள், அங்கே நினைத்தபடி நுழைய முடியாது.

சரி, உண்மையாகவே துவக்கோடு வேட்டையாட வேண்டும் என்றால் அதற்கு உங்கள் ஊரிலேயே நேர்வழி இருக்கிறது. ஒன்ராறியோவில் இருக்கும் என் சித்தப்பா மகன் அப்படித்தான் செய்தான். துப்பாக்கிப் பாதுகாப்புக் கோர்ஸ், வேட்டைக் கல்விக் கோர்ஸ் இரண்டும் முடித்து, பரீட்சை எழுதி, அனுமதி அட்டை எடுத்து, மானுக்கென்று தனி லைசன்சும் எடுத்துத்தான் போகிறான். அங்கே துப்பாக்கிப் பருவத்தில் செம்மஞ்சள் உடுப்பு கட்டாயம், தொப்பியைக் கணக்கில் சேர்க்காமல் 400 சதுர அங்குலமாவது தெரிய வேண்டும். மற்ற வேட்டைக்காரன் உங்களைத் தூரத்திலேயே காண்பான், மானுக்கு அந்த நிறம் பளிச்சென்று தெரியாது. அங்கே இருப்பது வெள்ளைவால் மான், வேறு இனம். ஆனால் காற்று, தடம், பொறுமை எல்லாம் அதே பாடம்தான்.

ஒரு விஷயம் மட்டும் எந்த நாட்டிலும் மனதில் வைத்திருங்கள். எனக்குப் பதின்மூன்று வயதில் சின்ன மாமா ஒரு கிடாயைச் சுட்டார். பக்கவாட்டில் திரும்பும் வரை பொறுக்கவில்லை, பின்பக்கமாக வெடி வைத்துவிட்டார். முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சில் பட்டிருந்தால் அங்கேயே விழுந்திருக்கும். இது வயிற்றில் பட்டது. அதோடு விட்டாரா, வெடிச் சத்தம் அடங்க முன்னமே பின்னால் ஓடினார். அரை மணித்தியாலம் பொறுத்து, சில நேரம் மணிக்கணக்காகப் பொறுத்துப் போயிருந்தால் அது கிட்டவே எங்காவது படுத்திருக்கும். துரத்தத் துரத்த அது ஓடியது. வீரை மரப் பற்றைகளுக்குள் இலையில் பொட்டுப் பொட்டாக இரத்தம், பிறகு அதுவும் இல்லை. இருட்டிவிட்டது. அம்மப்பா அன்றிரவு சாப்பிடவில்லை, மாமாவோடு கதைக்கவும் இல்லை. மறுநாள் காகங்கள்தான் இடத்தைக் காட்டின. இறைச்சி எதற்கும் உதவவில்லை. அந்த வீட்டில் மான் இறைச்சி வத்தலைத் தேனில் போட்டு மாதக்கணக்கில் வைத்துச் சாப்பிட்டவர்கள் நாங்கள், ஒரு துண்டும் வீணாக்காதவர்கள். அந்தக் கிடாயின் கண்ணை இன்றைக்கும் நான் மறக்கவில்லை.

அதனால் நீங்கள் அங்கே சுடப் போவதற்கு முன் இங்கே வந்து ஒரு பத்து நாள் மானைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். ஆடி நல்ல காலம், தண்ணீர் குறைவு, மந்தைகள் குளங்களை அண்டி நிற்கும். எட்டு மடங்கு பெருப்பிக்கும் பைனாகுலர் ஒன்று கொண்டு வாருங்கள், அது போதும். மங்கிய நிறத்தில் முழுக்கைச் சட்டை, சரசரக்காத துணியாகப் பார்த்து எடுங்கள். போனைச் சத்தமில்லாமல் வைப்பது அல்ல, வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும். விடிய ஐந்து மணிக்கு முன்னம் குளக்கட்டுக்கு வந்துவிட வேண்டும். நெடுங்கேணிக்கு வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் ஊரில் இருந்தால் கூட்டிக்கொண்டு போகிறேன்.