மகளின் பேர்லின் பயணம்: ஒரு தாய்க்குப் பதில்

தங்கச்சி, நீங்கள் மூன்று விஷயம் கேட்டிருந்தீர்கள். இங்கே ஜேர்மனியில் பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளை வரலாற்றுப் பாடத்துக்காக ஐந்து நாள் பேர்லினுக்குக் கூட்டிப் போகிறார்கள், அந்தக் காசுக்கு என்ன வழி? பெண் பிள்ளையை வெளியே தங்க அனுப்பலாமா? நாங்களே முகாமில் இருந்து வந்தவர்கள், பிள்ளைக்கு இன்னொரு முகாமைக் காட்டத்தான் வேண்டுமா?

அனுப்புங்கள். காசு விஷயம் சுலபம். ஜொப்சென்டர் (வேலை அலுவலகம்) தரும் காசு, வாடகை உதவி, அகதி விண்ணப்பக்காரருக்கான உதவி என்று ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்தால், வகுப்புப் பயணச் செலவை ‘பில்டுங் உன்ட் டைல்ஹாபே’ (கல்வியும் பங்கேற்பும்) என்ற அரசுத் திட்டம் கொடுக்கும். பள்ளிக்கூடத்துக் கடிதத்தோடு பயணத்துக்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். கைச்செலவுக் காசு மட்டும் உங்கள் பொறுப்பு. எந்த உதவியும் இல்லையென்றால் வகுப்பாசிரியரிடம் தனியாகக் கேளுங்கள், இங்கே அது வெட்கப்படுகிற விஷயம் இல்லை. தங்குமிடத்தில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் அறைகள் வேறு வேறு. கூடப் போகும் ஆசிரியர்கள் யார் என்று கேட்டு, சாப்பாட்டு விஷயத்தையும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மகளின் கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் கையில் இருக்கட்டும்.

முகாம் விஷயம்தான் கஷ்டமானது. அவர்கள் போகப்போவது பேர்லினுக்கு வடக்கே ஒறானியன்பூர்க்கில் உள்ள சக்சன்ஹவுசன் வதைமுகாமுக்கு. 1936இல் தொடங்கி 1945 வரைக்கும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர்களை ஹிட்லரின் நாசிகள் அங்கே அடைத்து வைத்தார்கள். பல்லாயிரம் பேர் பசியிலும் நோயிலும் கொலையிலும் செத்தார்கள். முள்வேலிக்குள் வாழ்ந்த உங்களுக்கு நெஞ்சு பதறுவது எனக்கு விளங்குகிறது. ஆனால் மகள் இந்த நாட்டில்தான் வாழப்போகிறாள். தன் அரசு செய்த கொலைகளை ஒரு நாடு மறைக்காமல், பாடமாக்கி, பிள்ளைகளை அதே இடத்துக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதை அவள் கண்ணால் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் நடந்ததற்கும் இப்படி ஒரு நாள் வர வேண்டும் என்று கேட்கும் தைரியம் அவளுக்கு அதில் வரும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஒன்று மட்டும் செய்யுங்கள். மகளுக்குச் சம்மதம் என்றால், குடும்பத்துக் கதையை ஆசிரியருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள். உள்ளே போக முடியவில்லை என்று அவள் அங்கே சொன்னால், அதைக் கேட்க ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அன்று பின்னேரம் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போகாமல் சும்மா விட்டால் நல்லது என்பதையும் சொல்லிப் பாருங்கள்.

பேர்லினில் பெபெல்பிளாட்ஸ் என்ற சதுக்கமும் இருக்கிறது. அங்கே 1933 மே 10ஆம் திகதி இரவு நாசிகள் புத்தகங்களைக் குவித்து எரித்தார்கள். இப்போது அங்கே நிலத்தில் ஒரு கண்ணாடி இருக்கிறது. குனிந்து பார்த்தால் கீழே வெறும் புத்தகத் தட்டுகள். 1981இல் யாழ் நூலகம் எரிந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

அப்புறம், பெற்றோரும் இடம் சொல்லலாம் என்று ஆசிரியர் கேட்டதாக எழுதினீர்கள். பிரிட்றிச்ஸ்ட்றாஸ ரயில் நிலையத்தைச் சொல்லுங்கள். அப்போது ஜேர்மனியும் பேர்லினும் கிழக்கு, மேற்கு என்று பிரிந்திருந்தன. இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு எங்கள் ஆட்கள் நிறையப் பேர் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கினார்கள். கிழக்கு ஜேர்மனி இடைவழி விசா கொடுத்தது. பிரிட்றிச்ஸ்ட்றாஸவில் ரயில் ஏறினால் மேற்கு பேர்லின். பேர்லினுக்குள் ஓடும் கோட்டை நாட்டு எல்லையாக மேற்கு ஏற்றுக்கொள்ளாததால், அந்தப் பக்கத்தில் வழக்கமான கடவுச்சீட்டுச் சோதனை இல்லை. இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தோம். நானும் 84இல் அப்படித்தான் வந்தேன். 1985இல் மேற்கு ஜேர்மனியின் நெருக்குதலால் எங்களுக்கு அந்த வழி அடைபட்டது. கிழக்கு ஜேர்மன்காரர்கள் மேற்குக்குத் தப்பி ஓடிவிடாமலிருக்க 1961இல் கட்டிய மதிலின் ஓட்டை வழியாக யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் உயிர் தப்பி வந்தார்கள் என்பது அந்த வகுப்பில் எத்தனை பேருக்குத் தெரியும்? உங்கள் மகள் எழுந்து சொல்லட்டும்.

நிலையத்துக்குப் பக்கத்திலேயே ‘கண்ணீர் மாளிகை’ இருக்கிறது. கிழக்கிலிருந்து மேற்குக்குப் போகிறவர்களைச் சோதித்த மண்டபம், இப்போது அருங்காட்சியகம், நுழைவு இலவசம். பாராளுமன்றக் கட்டடத்தின் கண்ணாடிக் கோபுரமும் இலவசம்தான், ஆனால் பெயர், பிறந்த திகதி கொடுத்து முன்கூட்டியே பதிய வேண்டும். ஆகவே அடுத்த பெற்றோர் கூட்டத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள், டொச் (ஜேர்மன் மொழி) தடுமாறினால் மகளைப் பேச விடுங்கள்.