சாப்பிட்டனியே, பிள்ளை?

வாசகர் கேள்வி – பதில்

அன்புள்ள அக்கா, எனக்கு வயது 57. கல்யாணம் முடித்து 32 வருஷம். மகள் கனடாவில், மகன் லண்டனில். வீட்டில் நானும் இவரும்தான். இவரில் குடி இல்லை, சண்டை இல்லை. ஆனால் கதையும் இல்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குச் சைக்கிளில் கூட்டிப்போவார், வாசலிலேயே நிற்பார். உள்ளே வந்து டாக்குத்தரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மகள் ஃபோனை வைக்கும்போது ‘லவ் யூ அம்மா’ என்கிறாள். எனக்கு வாய் வராது. ‘சரி, சாப்பிட்டனியே பிள்ளை?’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன். அப்புறம் தனியே இருந்து அழுவேன். எங்கள் வீட்டில் அன்பு என்று ஒன்று இருந்ததா அக்கா?
– வாசகி, உரும்பிராய்

தங்கச்சி, அவர் வாசலில் நிற்பதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். நம்பர் எடுத்து, இரத்தம் கொடுத்து, மருந்து வாங்கி வெளியே வர மத்தியானம் ஆகிவிடும். அத்தனை நேரம் அவர் ஏன் நிற்கிறார்? வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரலாமே.

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். 1990 இல் திரும்பவும் போர் தொடங்கியதோடு இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் போனது உங்களுக்கு நினைவிருக்கும். பற்றரிக்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, அந்த வெளிச்சத்தில்தான் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கொப்பிகளைத் திருத்துவேன். இரவில் அப்பா முற்றத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ வயரை ரேடியோவில் பூட்டி, பெடலைக் கையால் சுற்றுவார். பிபிசி தமிழோசை கேட்க அயலட்டைச் சனமெல்லாம் வரும். செய்தி முடிந்ததும் அவரவர் எழும்பிப் போய்விடுவார்கள். அப்பாவுக்கும் செய்தி மட்டும்தான் தேவை, பாட்டு கேட்கிற ஆள் இல்லை அவர். ஆனாலும் கையை நிறுத்த மாட்டார். முள்ளைத் திருப்பித் திருப்பித் திருச்சி வானொலியைப் பிடித்து வைப்பார். குசினிப் படியில் அம்மா வந்து இருப்பா. அப்பாவின் கை சோர்ந்தால் பாட்டு மெலியும். உடனே கையை மாற்றுவார், பாட்டு மறுபடி நிமிரும். சீனி கிடைக்காத காலம். பாட்டு முடிய அம்மா ஒரு கோப்பை தேத்தண்ணியும் ஒரு துண்டு பனங்கட்டியும் கொண்டுவந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் வைப்பா. இருவரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

அப்பா செத்து எட்டாம் நாள் இரவு அம்மா என்னிடம் சொன்னா: “அந்த மனுசன் எனக்காகத்தான் சுத்தினது எண்டு எனக்குத் தெரியும். தெரியும் எண்டு ஒருநாளும் சொல்லேல்லை, பிள்ளை.” அந்தச் சொல் இன்றுவரை எனக்குள் கிடந்து அறுக்கிறது. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ஒரு நல்ல வார்த்தைக்கு ஏங்குவது பிழையே இல்லை, தங்கச்சி. வயது போனதால் அந்த ஆசை குறைய வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் விழுத்தாதீர்கள். ஆனால் ‘உங்களுக்கு என்னில் அன்பில்லையா’ என்று மட்டும் கேட்காதீர்கள். அவருக்கு அதற்குப் பதில் சொல்லத் தெரியாது, எழும்பித் தோட்டத்துக்குப் போய்விடுவார். அடுத்த கிளினிக் முடிந்து வருகிற வழியில், அவர் சைக்கிள் மிதிக்கும்போது, முதுகுக்குப் பின்னால் இருந்தே சொல்லுங்கள்: “நீங்கள் வாசலிலை நிக்கிறது எனக்குத் தெம்பாயிருக்கு.” முகம் பார்க்காமல் சொல்வது உங்களுக்கும் லேசு, கேட்பது அவருக்கும் லேசு. அவர் ஒன்றும் பேசாமல் வந்தாலும் பரவாயில்லை. அன்று பின்னேரம் தேத்தண்ணியை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல், உங்கள் கோப்பையையும் எடுத்துக்கொண்டு விறாந்தையில் பக்கத்தில் இருங்கள். டிவியைப் போட வேண்டாம். 1995 இல் போருக்குப் பயந்து ஊரோடு வெளிக்கிட்ட இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தடியில் சனத்தோடு சனமாக நெரிபட்டு நின்ற இரவில் அவர் மனதில் என்ன ஓடியது என்று எப்போதாவது கேட்டிருக்கிறீர்களா? நம் ஆண்கள் பலர் அந்தக் காலத்தில் பயத்தை வெளியே காட்டாமல் அடக்கப் பழகினார்கள். அதோடு சேர்ந்து மற்றதும் அடங்கிப்போயிற்று என்பது என் எண்ணம். கேட்க ஆள் இருந்தால் கதை வரும்.

மகள் விஷயம். அவள் சொல்வதற்கு நீங்கள் ‘சாப்பிட்டனியே’ என்று கேட்பது சரியான பதில்தான். அவளுக்கும் அது விளங்கும், உங்கள் பிள்ளைதானே. ஆனால் உடனே வைத்துவிடாதீர்கள். என்ன சாப்பிட்டாள், யார் சமைத்தது, குளிருக்குக் கை வெடிக்கிறதா என்று கேளுங்கள். அழுகை வந்தால் ஃபோனிலேயே அழுங்கள். அவளும் அங்கே ஃபோனை வைத்துவிட்டுத் தனியே அழுகிறாளோ என்னவோ.

அக்கா, நான் முல்லைத்தீவில் இருந்து வந்து யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிக்கிறேன். நாள் முழுக்க நூறு பேரைப் பார்த்தாலும் மனசு விட்டுக் கதைக்க ஒருவரும் இல்லை.
– மாணவன், 21

தம்பி, அறையில் சமைக்கிறீர்கள்தானே? திருநெல்வேலிச் சந்தையில் ஒரே ஆச்சியிடம் மட்டும் கீரை வாங்குங்கள். விலை பேசாதீர்கள், எப்படிச் சமைப்பது என்று கேளுங்கள். மறுநாள் போய் உப்புக் கூடிப்போனதைச் சொல்லுங்கள். ஒரு மாதம் விடாமல் செய்யுங்கள். பிறகு ஒருநாள் நீங்கள் போகாமல் விட்டால், அடுத்த நாள் “எங்கை தம்பி, நேற்றுக் காணேல்லை?” என்று கேட்பா. அவ கேட்ட அன்றைக்கு எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.